ஆட்ரி ஹெப்பர்னின் வேர்களைத் தேடுவது எப்படி? ஆவணம் ஆவணமாக ஒரு முழு வழிகாட்டி

ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் எந்த நாட்டவர் என்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள், நாலு பதில் வரும். பெல்ஜியம் என்பார் ஒருவர், அங்கேதானே பிறந்தார் என்று. டச்சுக்காரர் என்பார் இன்னொருவர். பிரிட்டிஷ் என்று மூன்றாமவர். நாலாவது ஆள் கொஞ்சம் படித்தவராக இருந்தால், ஸ்காட்லாந்து ராணி மேரியின் கணவர் வழி வந்த குடும்பம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார். முதல் மூன்றிலும் ஏதோ ஓர் உண்மை இருக்கிறது. நாலாவதில் இல்லை.

இவருடைய வம்ச மரத்தை நான் முதலில் என் ஆர்வத்துக்காகப் போட்டேன். அப்புறம் வம்சாவளித் தேடல் கற்றுக்கொள்ள வந்த சிலருக்கு இதையே பயிற்சியாகக் கொடுத்தேன், ஏனென்றால் ஒரே குடும்பத்தில் நெதர்லாந்து, பொஹீமியா (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி), இன்றைய ஸ்லோவாக்கியா, பிரிட்டன், டச்சுக் கிழக்கிந்தியா (இன்றைய இந்தோனேசியா) எல்லாம் வந்துவிடுகின்றன. ஆச்சரியம் என்னவென்றால், ஒருவர் விடாமல் எல்லாரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். முக்கால்வாசித் தடுமாற்றம் வரிசையை மாற்றியதால் வருவது. அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

## தொடங்குமுன் என்ன வேண்டும்

பணம் பெரிதாகத் தேவையில்லை. ஃபேமிலிசர்ச் (FamilySearch) தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று. நெதர்லாந்துப் பதிவுகளுக்கு வீ வாஸ் வீ (WieWasWie), ஓப்பன் ஆர்க்கைவ்ஸ் (Open Archives). பழைய டச்சுச் செய்தித்தாள்களுக்கு டெல்ஃபர் (Delpher). ஆஸ்திரியா பக்கத்துத் தேவாலயப் பதிவேடுகளுக்கு மாட்ரிக்குலா (Matricula). இவை போதும். கட்டணத் தளங்களுக்கு முதல் மாதமே காசு கட்டாதீர்கள், அங்கே கிடைப்பதில் பாதி இங்கேயே இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது விரிதாள். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே "இதை எங்கே பார்த்தேன்" என்று ஒரு கட்டம். இந்தக் கட்டத்தைக் காலியாக விடுபவர்கள் மூன்றாவது வாரம் வந்து "இந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

மொழி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். டச்சுக்கு ஒரு பத்துச் சொல், ஜெர்மனுக்கு ஒரு பத்துச் சொல் போதும். பதிவேடு என்பது அச்சடித்த படிவம் மாதிரிதான், ஒன்றைப் படித்துவிட்டால் மற்றது எல்லாம் அதே வாய்பாடு. தமிழில் இங்கே எழுதியிருக்கும் பெயர்களைத் தேடும்போது ரோமன் எழுத்தில்தான் அடிக்க வேண்டும், அதுவும் அந்தந்த நாட்டு எழுத்துக்கூட்டலில்.

## 1. கடைசி ஆளைக் கெட்டியாக நிறுத்துங்கள்

மரத்தைக் கீழிருந்து மேலே ஏற வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் புதிதாக வருபவர்கள் எல்லாரும் மேலிருந்துதான் இறங்கப் பார்க்கிறார்கள். நான் முதல் தடவை செய்ததும் அதுதான். "ஹெப்பர்ன்" என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு நேராக ஸ்காட்லாந்துக்குப் போய், மூன்று வாரம் எங்கும் சேராத ஹெப்பர்ன்களைச் சேகரித்தேன். நோட்டில் எழுபது பேர், ஒருவரும் இவருக்குச் சொந்தமில்லை.

முதலில் ஆட்ரியை நிறுத்துங்கள். பிறப்பு 1929 மே 4, பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய இக்ஸெல் நகராட்சி, கெயென்ஃபெல்ட் தெரு 48ஆம் எண். மறைவு 1993 ஜனவரி 20, சுவிட்சர்லாந்தின் தோலோஷெனா. பெற்றோர் ஜோசப் விக்டர் அந்தோனி ரஸ்டன், ஏலா ஃபான் ஹேம்ஸ்ட்ரா.

இங்கேயே மூன்று பொறிகள் இருக்கின்றன. ஒன்று, தேதி. 4/5/1929 என்று எழுதியிருப்பதை அமெரிக்கப் பழக்கத்தில் படித்தால் ஏப்ரல் 5 ஆகிவிடும். மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள். இரண்டு, பெயர். ஆட்ரி கேத்லீன் ரஸ்டன், ஹெப்பர்ன்-ரஸ்டன், எடா ஃபான் ஹேம்ஸ்ட்ரா என்று பல பெயர்கள் தட்டுப்படும். இதில் எடா என்பது ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், ஆங்கில வாடை அடிக்கும் பெயர் ஆபத்து என்று வைத்துக்கொண்டது. அதைப் பிறப்புப் பெயராக நினைத்துத் தேடினால் காற்றைத்தான் பிடிப்பீர்கள். மூன்று, கேத்தரின் ஹெப்பர்ன். அவர் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்தவர், இந்தக் குடும்பம் இல்லை. யாராவது ஒருவர் எப்படியும் கேட்பார், அதனால் சொல்லிவிட்டேன்.

பிறப்புச் சான்றையே பார்த்துவிடலாம் என்றால், பெல்ஜியத்தில் பிறப்புப் பதிவு 100 ஆண்டு கழித்துத்தான் பொதுவுக்கு வரும், திருமணம் 75, இறப்பு 50. நெதர்லாந்திலும் இதே கணக்குதான். இவருடையது 2029 வரை பூட்டு. மாற்று வழி ஒன்று உண்டு. வெளிநாட்டில் தலைமுறையாகப் பிறந்துவரும் பிரிட்டிஷ் குடும்பங்கள், 1922ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, குழந்தை பிறந்த ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிந்தால்தான் குடியுரிமை தொடரும் என்ற நிலை அன்று இருந்தது. எனவே அந்தக் காலத்து வெளிநாட்டுப் பிரிட்டிஷ் குழந்தைகளுக்கு உள்ளூர்ப் பதிவு ஒன்று, தூதரகப் பதிவு ஒன்று என்று இரண்டு இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று பூட்டியிருந்தால் மற்றதைத் தேடுங்கள்.

## 2. நான்கு கட்டங்களைக் கலக்காதீர்கள்

ஒவ்வொரு ஆளுக்கும் நான்கு தனிக் கட்டங்கள் போடுங்கள். எங்கே பிறந்தார், எந்த நாட்டுக் குடிமகன், எந்த மொழி அல்லது சமயம், பெற்றோர் யார். வம்சம் என்பது நாலாவது கட்டத்திலிருந்து மட்டுமே வரும். மற்ற மூன்றும் தேடும் இடத்தைக் காட்டும் கைகாட்டிகள், அவ்வளவுதான்.

ஆட்ரி பெல்ஜியத்தில் பிறந்தார், பெற்றோரில் ஒருவரும் பெல்ஜியர் இல்லை. அப்பா பொஹீமியாவில் பிறந்தார், பிரிட்டிஷ் குடிமகன். அம்மாவைப் பெற்ற தாத்தா ஆர்னௌட் ஃபான் ஹேம்ஸ்ட்ரா 1910 முதல் 1920 வரை ஆர்ன்ஹெம் நகர மேயர், 1921 முதல் 1928 வரை தென் அமெரிக்காவில் இருந்த சூரினாமின் ஆளுநர். இதை வைத்து "சூரினாம் வேர்" என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். உத்தியோகத்துக்குப் போன ஊர் வேர் ஆகாது. தவிர, மகள் ஏலா பிறந்தது 1900இல், அப்பா அங்கே போவதற்கு 21 ஆண்டு முன்பு. ஆண்டுகளை வரிசையாக அடுக்கினாலே பாதிக் கதைகள் தானாக உதிர்ந்துவிடும்.

நம் ஆட்களுக்கு இன்னொரு தனிச் சிக்கல். நமக்கு இனிஷியல் பழக்கம், அப்பா பெயர் ஒரு தலைமுறையோடு மாறிவிடும். அங்கே குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக ஓடும் என்பதால், ஒரே குடும்பப் பெயர் என்றாலே சொந்தம் என்று மனம் உடனே நம்பிவிடுகிறது. ஒரே பெயரில் நூறு குடும்பம் இருக்கலாம்.

## 3. எளிதான பக்கத்தை முதலில் முடியுங்கள்: அம்மா வழி

நெதர்லாந்தின் பெரும்பகுதியில் அரசுப் பதிவு 1811இலேயே தொடங்கிவிட்டது, அட்டவணையும் நன்றாக இருக்கிறது. அதனால் அம்மா வழியை முதலில் எடுங்கள். எளிதானதை ஏன் முதலில் என்றால், பதிவேடு எப்படிப் பேசும் என்பதை அங்கே கற்றுக்கொண்டு, அந்தத் தைரியத்தோடு பொஹீமியாவுக்குப் போகலாம்.

ஏலா பிறந்தது 1900 ஜூன் 12, ஃபெல்ப். தளத்தில் ஃபெல்ப் என்று தேடுவீர்கள், சரியாக வராது. ஃபெல்ப் ஓர் ஊர்தான், நகராட்சி இல்லை. அது ரேடன் நகராட்சிக்குள் இருக்கிறது, பதிவும் ரேடன் பெயரில்தான் இருக்கும். நம்மூரில் குக்கிராமத்தில் பிறந்தவருக்குப் பஞ்சாயத்துப் பெயரில் சான்றிதழ் வருவது மாதிரி. அது போதாதென்று நார்த் பிரபாந்த் மாகாணத்தில் இன்னொரு ஃபெல்ப் இருக்கிறது. நமக்கு வேண்டியது ஆர்ன்ஹெமுக்குப் பக்கத்தில், ஹெல்டர்லாந்து மாகாணத்தில் இருப்பது. எந்த ஊரானாலும், 1900இல் அது எந்த நகராட்சியில் இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் தேடலைத் தொடங்க வேண்டும்.

அட்டவணையில் ஃபான் ஹேம்ஸ்ட்ராவை எங்கே தேடுவது? நெதர்லாந்தில் 'ஃபான்' கணக்கில் வராது, ஹேம்ஸ்ட்ரா என்று ஹெச் எழுத்தில் இருக்கும். பெல்ஜியத்தில் அதே மாதிரிப் பெயர் வி எழுத்தில், ஃபானோடு சேர்த்து. எல்லை தாண்டினால் அகராதி வரிசையே மாறிவிடும்.

நல்ல செய்தி ஒன்று: டச்சுப் பதிவுகளில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்தவீட்டுப் பெயரில்தான் இருப்பார்கள். அதனால் பாட்டிகளைத் தொலைக்க மாட்டீர்கள். ஏலாவைப் பெற்ற எல்பிரிக் ஃபான் அஸ்பெக், அந்தப் பெயரிலேயே கிடைப்பார்.

## 4. ஒவ்வொரு தம்பதிக்கும் திருமணப் பதிவு முதலில்

பிறப்பிலிருந்து பிறப்புக்குத் தாவாதீர்கள். டச்சுத் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் வயது, பிறந்த ஊர், தொழில், அதோடு இரு தரப்புப் பெற்றோரின் பெயரும் இருக்கும். ஒரே தாளில் மூன்று குடும்பம். அது கிடைத்துவிட்டால் அடுத்த தலைமுறையில் எந்த ஊரில் யாரைத் தேட வேண்டும் என்பது கையில் வந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய புதையல் திருமண இணைப்புகள். கல்யாணம் பதியும்போது கொடுத்த காகிதங்களின் கட்டு அது: பிறப்புச் சான்றின் நகல், பெற்றோர் இறந்திருந்தால் அதற்கான சான்று, மாப்பிள்ளையின் ராணுவச் சேவைத் தாள். பெரும்பாலோர் திருமணப் பதிவைப் பார்த்த சந்தோஷத்தில் இணைப்பைத் திறப்பதே இல்லை.

இறப்புப் பதிவு நாட்டுக்கு நாடு மாறும். டச்சு இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்கும். ஆட்ரியின் அப்பா 1980இல் டப்ளினில் இறந்தார், ஆனால் அயர்லாந்தின் அந்தக் கால இறப்புச் சான்றில் பெற்றோர் பெயர் இராது. அதற்குக் காசு கட்டி வாங்கி, வந்த பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு. வாங்குமுன் அந்தச் சான்றில் என்னென்ன கட்டங்கள் இருக்கும் என்று ஒரு மாதிரியைப் பார்த்துவிடுங்கள்.

## 5. டச்சுப் பதிவை வரிவரியாகப் படிப்பது

முதல் வரியில் ஒரு தேதி இருக்கும். அது பிறந்த தேதி இல்லை! பதிவாளர் முன் வந்து சொன்ன தேதி. டச்சு முறையில் மூன்று நாளுக்குள் போய்ச் சொல்ல வேண்டும், அதனால் இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு. பிறந்த நாளும் மணியும் சில வரி தள்ளி, "ஹெபோரன்" (geboren, பிறந்த) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். முதல் வரியை எடுத்துக்கொண்டு ஓடுவது புதியவர்களின் மிகப் பிரபலமான தப்பு.

அப்புறம் எண்கள். தேதியும் வயதும் எண்ணில் இராது, எழுத்தில் இருக்கும், அதுவும் தலைகீழாக. 24 என்பதை "நாலும் இருபதும்" என்றுதான் சொல்வார்கள், ஜெர்மனும் அப்படியே. வேகமாகப் படித்தால் முதலில் நாலு கண்ணில் பட்டு 42 என்று எழுதிவிடுவோம். அப்பாவின் வயதில் 18 வருடப் பிழை வந்தால் அடுத்த தலைமுறைத் தேடல் முழுக்கத் தவறான பத்தாண்டில் நடக்கும்.

சொற்கள்: ஃபாடர் என்றால் அப்பா, மூடர் என்றால் அம்மா (தமிழ்க் காதுக்கு மூடர் என்பது கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தான் இருக்கிறது), ஓவர்லேடன் என்றால் இறந்தவர். மகளுக்கான சொல் (dochter) எழுத்தில் டாக்டர் மாதிரியே இருக்கும். என்னிடம் வந்த ஒருவர், 19ஆம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்தில் இத்தனை பெண் மருத்துவர்களா என்று வியந்து ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தார்.

## 6. பிரபுப் பட்டங்களை எப்படிப் பதிவது

ஏலா ஒரு பேரனஸ், அதாவது பிரபுப் பட்டமுள்ள பெண். அதனால் ஆட்ரியும் பேரனஸ் என்று இணையம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். இல்லை. டச்சுப் பிரபுத்துவம் அப்பா வழியில் மட்டும்தான் இறங்கும். அம்மா பேரனஸ், அப்பா பட்டமில்லாத ரஸ்டன், ஆகவே மகளுக்குப் பட்டம் கிடையாது. அதே ஏலாவுக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த இரண்டு மகன்களின் அப்பா குவார்லெஸ் ஃபான் உஃபோர்ட் என்ற பிரபுக் குடும்பம், எனவே அவர்கள் யோங்க்ஹேர் பட்டத்துக்கு உரியவர்கள். ஒரே தாய், மூன்று பிள்ளைகள், இருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை.

இதனால் ஒரு வசதியும் ஒரு வம்பும். வசதி என்னவென்றால், இந்தக் குடும்பங்களுக்கெல்லாம் அச்சிட்ட வம்சாவளி இருக்கிறது, 'சிவப்புப் புத்தகம்' என்று சொல்லப்படும் டச்சுப் பிரபுக்கள் தொகுதி. வம்பு, அது ஆண் வழியில்தான் ஓடும், மகள் கல்யாணமாகிப் போனதோடு அந்தக் கிளை நின்றுவிடும். புத்தகத்தில் ஒரு பெயர் இல்லை என்பதால் அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பட்டத்தைப் பெயரோடு ஒட்டி எழுதவும் வேண்டாம். தனிக் கட்டத்தில் போடுங்கள். இல்லையென்றால் "பேரன்" (Baron) என்ற பட்டத்தை முதல் பெயராக எடுத்துக்கொண்டு தேடுகிற மென்பொருள்கள் இருக்கின்றன.

## 7. பட்டாவியா: நடுவில் அறுந்திருக்கும் இழை

ஏலாவும் ரஸ்டனும் கல்யாணம் செய்துகொண்டது 1926 செப்டம்பரில், பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில். நெதர்லாந்துத் தளங்களில் அந்தத் திருமணத்தைத் தேடிக்கொண்டே இருந்தால் தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். இரண்டு டச்சு மாகாணங்களையும் லண்டனையும் சல்லடை போட்டுவிட்டு "இவர்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை போல" என்று ஒருவர் என்னிடம் முடிவே சொல்லிவிட்டார்.

ரஸ்டன் 1923-24இல் சமராங் நகரில் பிரிட்டனின் கௌரவத் தூதராக இருந்தவர். ஏலாவின் முதல் கல்யாணமும் 1925இல் பட்டாவியாவில்தான் முறிந்தது. ஆக, இந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குத் தேட வேண்டிய ஊர்கள் ஜாவாவில்தான். அங்கே அச்சான டச்சுச் செய்தித்தாள்கள் டெல்ஃபரில் நிறைய இருக்கின்றன. கல்யாணம், பிறப்பு, கப்பலில் வந்தவர் போனவர் பட்டியல் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களில் போடுவார்கள். பெயரை மட்டும் அடிக்காமல், ஆண்டையும் மாதத்தையும் குறுக்கிவிட்டு, குடும்பச் செய்திகள் பகுதியை மட்டும் தேர்ந்துகொண்டு தேடுங்கள். எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) பழைய அச்சைத் தப்பாகப் படித்திருக்கும், ரஸ்டனில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தேடல் கைவிட்டுவிடும்.

செய்தித்தாள் அறிவிப்பு என்பது பதிவுக்குச் சமமில்லை. நோட்டில் அதை மஞ்சள் நிறத்தில் குறிக்கிறேன். அசல் பதிவைப் பார்த்தது பச்சை, யாரோ சொன்னது சிவப்பு. சிவப்பின் மேல் எதையும் கட்டுவதில்லை.

## 8. அப்பா வழி: ஊரைக் கண்டுபிடித்துவிட்டுப் பதிவேட்டைத் திறங்கள்

இதுதான் கடினமான பகுதி, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜோசப் ரஸ்டன் பிறந்தது 1889, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பொஹீமியாவில், ஊஷிட்சே (Úžice) என்ற ஊரில். ஜெர்மனில் அதற்கு அவுஷிட்ஸ் (Auschitz) என்று பெயர், தேடுபொறியில் அடித்தால் நீங்கள் தவறாக அடித்துவிட்டதாக நினைத்துப் போலந்தின் அவுஷ்விட்ஸ் வதைமுகாம் பக்கம் தள்ளப் பார்க்கும். செக் நாட்டில் இந்தப் பெயரில் மெல்னீக் மாவட்டத்தில் ஓர் ஊர், குட்னா ஹோரா மாவட்டத்தில் ஓர் ஊர் இருக்கின்றன. வரைபடத்தில் முதலில் கண்ணில் பட்டதை எடுக்காதீர்கள். இரண்டுக்கும் பங்குக் கோயில் எது என்று எழுதிக்கொண்டு, 1889ஆம் ஆண்டுப் பக்கங்களை இரண்டிலும் பார்த்துவிட்டு ஒன்றை நீக்குங்கள்.

ஏன் கோயில்? செக் நாட்டில் 1950 வரை பிறப்பு இறப்புப் பதிவேடு தேவாலயங்களின் கையில்தான் இருந்தது. இப்போது அந்தப் பழைய ஏடுகள் அரசு வட்டார ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன, பெரும்பாலும் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு மாவட்டமும் பிராகாவில் உள்ள வட்டாரக் காப்பகத்தின் கீழ் வரும். கத்தோலிக்க ஏட்டில் இல்லையென்றால் புராட்டஸ்டண்ட் ஏடு தனியாக இருக்கும், அதையும் பாருங்கள், பிரிட்டிஷ் குடும்பம் என்பதால் அதற்கும் வாய்ப்பு உண்டு.

அப்பாவைப் பெற்றவர்கள் விக்டர் ரஸ்டன், பிரிட்டிஷ்-ஆஸ்திரியப் பின்னணி, அன்னா வெல்ஸ், ஆஸ்திரிய வழி. அன்னா பிறந்தது கோவார்ட்சே, இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது, அன்று ஹங்கேரி அரசின் கீழ். இங்கே கொஞ்சம் யோசித்தால் வேலை பாதி குறையும். ஹங்கேரியில் அரசுப் பதிவு தொடங்கியதே 1895 அக்டோபரில். மகன் 1889இல் பிறந்துவிட்டார் என்றால் அம்மா அதற்கெல்லாம் வெகு முன்னால் பிறந்தவர். ஆகவே அரசுப் பதிவைத் திறக்கவே வேண்டாம், நேராகத் தேவாலய ஏடு. ஸ்லோவாக்கியத் தேவாலய ஏடுகளின் படங்கள் ஃபேமிலிசர்ச்சில் நிறைய இருக்கின்றன.

"இன்று ஸ்லோவாக்கியா" என்பதை "ஸ்லோவாக்கியர்" என்று எழுதிவிடாதீர்கள். இரண்டாவது படியில் சொன்ன அதே கதை. எல்லைக்கோடு இவர்கள் தலைக்கு மேலே பின்னால் வரையப்பட்டது.

விக்டரின் பிரிட்டிஷ் பக்கத்துக்கு ஒரு துப்பு. 1889இல் இருந்த சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிரிட்டிஷ் உரிமை அப்பா வழியில் இரண்டு தலைமுறை வரைதான் போகும். ஜோசப் பிறவியிலேயே பிரிட்டிஷ் குடிமகன் என்று ஆவணம் சொன்னால், அவருடைய அப்பாவோ, அப்பாவைப் பெற்ற தாத்தாவோ பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட மண்ணில் பிறந்திருக்க வேண்டும். எந்தத் தலைமுறையில் ஆங்கிலேயப் பதிவேட்டுக்கு மாற வேண்டும் என்பதைச் சட்டமே காட்டிக்கொடுக்கிறது.

## 9. குர்ரெண்ட் எழுத்தோடு மல்லுக்கட்டுவது

ஜெர்மன் கையெழுத்துப் பதிவுகள் குர்ரெண்ட் என்ற பழைய எழுத்தில் இருக்கும். இ (e) எழுத்து என் (n) எழுத்து மாதிரி தெரியும், நீள எஸ் (s) எழுத்து எஃப் (f) மாதிரி தெரியும், யு (u) எழுத்தின் தலையில் ஒரு சின்ன வளைவு இருக்கும். முதல் நாள் எல்லாமே கோழி கிளறிய மாதிரி இருக்கும், கவலைப்படாதீர்கள்.

வழி இதுதான். பெயரைத் தேடாமல் முதலில் மாதப் பெயர்களைத் தேடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் அவை, அந்த ஏட்டை எழுதிய பாதிரியாரின் கை எப்படி வளைகிறது என்று பத்து நிமிடத்தில் பிடிபடும். அதிலிருந்து ஓர் எழுத்து வரிசையைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். வேற்றுமொழிப் பெயர் வந்தால் பாதிரியார்கள் பெரும்பாலும் குர்ரெண்டை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிவிடுவார்கள், எனவே ரஸ்டன் மாதிரிப் பெயர் பக்கத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஞானஸ்நானத் தேதியையும் பிறந்த தேதியையும் மாற்றிவிடாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி. செக் மொழியில் எழுதிய ஏடு என்றால் பெண்களின் குடும்பப் பெயர் ஓவா என்று முடியும், வெல்ஸ் அங்கே வெல்ஸோவா. ஞானப்பெற்றோர் பத்தியையும் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே நிற்பவர் அநேகமாக அத்தையோ மாமனோ, அடுத்த ஊருக்கு வழி அங்கிருந்துதான் கிடைக்கும்.

## 10. ஹெப்பர்ன் கதையை இப்போது எடுங்கள்

இவ்வளவு நேரம் தள்ளி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பிரபல மூதாதையர் கதையைக் கடைசியில்தான் சோதிக்க வேண்டும், அப்போதுதான் கீழே கட்டிய மரம் அதைத் தாங்குமா என்று தெரியும்.

ஜோசப் பிறக்கும்போது வெறும் ரஸ்டன். பிற்பாடு தன்னை ஜேம்ஸ் ஹெப்பர்ன் வழி வந்தவராக நம்பி ஹெப்பர்ன்-ரஸ்டன் ஆனார். ஜேம்ஸ் ஹெப்பர்ன் என்பவர் பாத்வெல் பிரபு, ராணி மேரியின் மூன்றாவது கணவர். உலகம் அறிந்த அந்தத் திரைப்பெயர் இந்த நம்பிக்கையிலிருந்து வந்தது.

இரண்டு முனையிலிருந்தும் சோதியுங்கள். கீழ்முனையில், பிறப்புப் பதிவுகள் வழியே ஏறும்போது எந்தத் தாய் தந்தையிடத்தில் ஹெப்பர்ன் வருகிறது? பெயர் ஒட்டவைக்கப்பட்டதா, பிறப்பில் வந்ததா? மேல்முனையில், பாத்வெல் மேரியை மணந்தது 1567 மே மாதம். ஜூலையில் லாக்லெவன் கோட்டைச் சிறையில் மேரிக்கு இரட்டைக் கரு கலைந்தது. பாத்வெல் தப்பி ஓடி, டென்மார்க்கின் டிராக்ஸ்ஹோல்ம் கோட்டையில் 1578இல் கைதியாகவே செத்தார். முறைப்படி பிறந்த வாரிசு அவருக்கு இல்லை. இல்லாத பிள்ளையின் வழியில் ஒரு வம்சம் ஓட முடியாது.

இதில் ஜோசப்பைப் பொய்யர் என்று எழுதத் தேவையில்லை, தவறாக நம்பினார் என்று எழுதினால் போதும். ஆனால் அவர் சொன்ன எதையும் பச்சை நிறத்தில் குறிக்காதீர்கள். தன்னைப் பற்றித் தானே சொல்வது எப்போதுமே சிவப்பு. போர்க்காலத்தில் பிரிட்டன் அவரைப் பாசிச ஆதரவுக்காகக் காவலில் வைத்தது. அப்படிப்பட்டவர்களைப் பற்றிய அரசுக் கோப்புகளுக்குத் தேட வேண்டிய இடம் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். வேறொருவர் விசாரித்து எழுதிய கோப்பு, சொந்தக்காரரின் பெருமையைவிட நம்பகமானது, அதற்கும் அதன் நோக்கம் உண்டு என்றாலும்.

## 11. சதவீதம் போடுவது

எல்லாரும் கேட்பது இதைத்தான்: எத்தனை சதவீதம் எந்த நாடு? காகிதக் கணக்கில் நான்கு தாத்தா பாட்டிகள். இருவர் டச்சு, அதில் சந்தேகமில்லை, பாதி அங்கே போயிற்று. மற்ற பாதியில் ஒருவர் பிரிட்டிஷ்-ஆஸ்திரியக் கலப்பு, ஒருவர் ஆஸ்திரிய வழி. அதற்கு மேல் கால், அரைக்கால் என்று உடைக்க வேண்டுமானால் எட்டுக் கொள்ளுத்தாத்தா பாட்டிகளுக்கும் பச்சை நிறத்தில் பதிவு வேண்டும். அதுவரை "பாதி டச்சு, மீதி பிரிட்டிஷும் ஆஸ்திரியாவும்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். 37.5 என்று தசமத்தில் எழுதினால் கணக்கு சரியாக இருப்பது மாதிரி ஒரு தோற்றம் வரும், அவ்வளவுதான்.

## 12. வெளியிடுமுன்

உயிரோடு இருப்பவர்களை மரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மகன்கள், பேரப்பிள்ளைகள், அவர்களின் பிறந்த தேதி, எதுவும் வேண்டாம். அம்மா பிரபலம் என்பதால் அவர்கள் நமக்குப் பொதுச்சொத்து ஆகிவிடுவதில்லை.

அடுத்ததாக, யாராவது ஒரு நண்பரிடம் விரிதாளைக் கொடுத்து, பெயர்களை மூடிவிட்டு "எங்கே பார்த்தேன்" என்ற கட்டத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். அதில் "இணையத்தில்" என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். என் முதல் மரத்தில் பதினொன்று இருந்தது. அந்தப் பதினொன்றையும் அழித்துவிட்டு, ரேடன் நகராட்சியின் 1900ஆம் ஆண்டுப் பிறப்பு ஏட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன்.